ரீச்சர் பதில்கள்: கடல் உள்ளுக்குப் போன ஞாயிறு

டிசம்பர் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கடலைப் பற்றியதாகத்தான் இருக்கும். 2024இல், சுனாமி வந்து இருபது வருடம் என்பதால், முக்கால்வாசி. மற்றக் கேள்விகளை (சாதாரண தரப் புவியியல் வினாத்தாள், தொடர்மாடித் தண்ணீர் பில், ஒரு கல்யாணப் பேச்சு) அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கே: நீங்கள் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர். 2004 டிசம்பர் 26 காலையில் என்ன வரப்போகிறது என்று உங்களுக்காவது தெரிந்ததா, ரீச்சர்?
எஸ். கே., கொட்டாஞ்சேனை

ப: தெரியவில்லை. அதைவிட வெட்கம், கடல் உள்ளுக்குப் போனதைக் கண்ணால் கண்ட பிறகும் தெரியவில்லை.

அன்று ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும்கூட. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடியும்; முடிகிற இடத்தில் ரயில் பாதை. காலை பத்து மணி கடந்திருக்கும். நான் உளுந்து கழுவிக்கொண்டு நின்றேன். கீழ் வீட்டுப் பெடியன் மேல்மூச்சு வாங்க வந்து, "ரீச்சர், கடல் உள்ளுக்குப் போட்டுது, வாங்கோ பாப்பம்" என்றான். நான் என்ன செய்தேன்? ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, பார்க்கப் போனேன்.

தண்டவாளத்தில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது பேர். கைக்குழந்தையோடு ஒரு பெண். கடல் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்தப் பாறைகள், பச்சைப் பாசியோடு, வெயிலில் மினுங்கிக்கொண்டு. அந்த ஒழுங்கையில் அத்தனை வருடம் குடியிருந்தும் நான் காணாத பாறைகள். இரண்டு பெடியள் கீழே இறங்கி எதையோ பொறுக்கினார்கள். யாராவது "ஓடுங்கோ" என்று கத்தியிருக்க வேண்டும். கத்த வேண்டிய ஆள் நான்தான். அதே வருடம் பத்தாம் வகுப்புக்கு 'நிலநடுக்கத்தின் விளைவுகள்' என்று கரும்பலகையில் எழுதியவள். மூன்றாவது விளைவு: சுனாமி, பசிபிக் கரைகளில் ஏற்படும் பேரலை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், நான் அழித்துவிட்டேன், மணி அடித்தது. அந்த 'பசிபிக்' என்ற ஒரு சொல்தான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன். இந்து சமுத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக மனதில் படவே இல்லை.

பிறகு தண்ணீர் திரும்பியது. படத்தில் காட்டுவதுபோல மதிலாக எழும்பி வரவில்லை. அடுப்பில் பால் பொங்குவதுபோல, சத்தம் குறைவாக, கல்லுக்குக் கல் ஏறி வந்தது. அப்போதுதான் எல்லோரும் ஓடினோம். எங்கள் பக்கத்தில் தண்டவாளத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. கொழும்பை இந்தத் தீவே மறைத்துக் காப்பாற்றியது. தெற்கைச் சுற்றி வளைந்து வந்த அலை இங்கு வந்து சேரும்போது பலம் குறைந்திருந்தது. கெட்டித்தனம் எங்களுடையதல்ல.

சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது எங்கள் நேரம் 6.58க்கு. (அப்போது இலங்கைக் கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி முந்தி ஓடியது. பழைய பத்திரிகை புரட்டுபவர்கள் இதில்தான் குழம்புவார்கள்.) அளவு 9.1. கிழக்குக் கரையை அலை தொட்டது எட்டரை தாண்டியதும், காலியை ஒன்பதரை அளவில். நடுவில் இருந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். பசிபிக்கில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. இந்து சமுத்திரத்தில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. கிழக்கில் கல்முனை போய்விட்ட செய்தி தென்மேற்கில் ஹிக்கடுவைக்கு எட்ட முதல், கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போன ரயில் அதற்குப் பக்கத்துப் பெரலியவுக்கு வந்துவிட்டது. முதல் அலையில் ரயில் நின்றது. ஊர்ச் சனம், பெட்டிகள் உயரம், இரும்பு, பத்திரம் என்று நம்பித் தங்கள் பிள்ளைகளையும் அதில் ஏற்றினார்கள். அடுத்த அலை அந்த ரயிலைத் தூக்கி எறிந்தது. ஆயிரத்துக்கு மேல் உயிர். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் பிள்ளையை ஏற்றியிருப்பேன். நீங்களும்தான்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். சுமாத்திராவுக்குப் பக்கத்திலேயே சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே பெரிய அலை வந்து சனம் செத்தது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மொங்' என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வைத்தார்கள். 2004இல் நடுக்கத்தின் வாசலிலேயே இருந்த அந்தத் தீவில், எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தில், இறந்தவர்கள் ஏழு பேர். அங்கே சொன்னவர்கள் ஆச்சிமார். இங்கே நான், பட்டமும் ஓய்வூதியமும் உள்ள ரீச்சர், பாறை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கே: சுனாமிக்குப் பிறகு என் அம்மா பல மாதம் மீன் தொடவில்லை. மீன் பிணத்தைத் தின்றிருக்கும் என்பார். இது மூடநம்பிக்கைதானே?
வாசகி, தெஹிவளை

ப: அவசரப்பட்டு அந்தச் சொல்லைப் போடாதீர்கள் பிள்ளை. கொழும்பில் பாதி வீட்டில் இதே கதைதான்.

எங்கள் ஒழுங்கைக்கு சைக்கிளில் மீன்காரர் ஒருவர் வருவார். பின்னால் மரப்பெட்டி, மேலே தராசு, "மாலு! மாலு!" என்று ஒரு குரல். அந்த ஜனவரியிலும் நாள் தவறாமல் வந்தார். பாரையும் அறக்குளாவும் பெட்டியில் கிடக்கும், விலையைப் பாதியாகச் சொல்வார், ஒரு கதவும் திறக்காது. கோழிக் கடையில் வரிசை. மேல் வீட்டு அன்ரி ரின்மீனுக்கு மாறிவிட்டார். "அன்ரி, அதுவும் மீன்தானே" என்று கேட்டேன். பேணியைத் திருப்பி லேபலைக் காட்டினார். "இது சிலி நாட்டு மீன் ரீச்சர். அது வேற கடல்." உலகத்தில் பதிவான மிகப் பெரிய நிலநடுக்கம் 1960இல் அந்தச் சிலியில்தான் வந்தது, 9.5, சுனாமியோடு. நான் வாயைத் திறக்கவில்லை. மனுசி சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடம்புக்கு அந்த மீனால் ஒன்றும் வந்திருக்காது. இயற்கை அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற பயமே பெரும்பாலும் ஆதாரமற்றது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தால்தான் பல இடங்களில் அடையாளம் காண முன்னரே அவசரம் அவசரமாகப் புதைத்தார்கள். இன்றைக்கும் எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமல் இருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். மீன் சாப்பிடாததைவிட அந்த அவசரம்தான் எனக்கு ஆற்றாத விஷயம்.

உங்கள் அம்மாவின் மீன் வேறு கணக்கு. எங்கள் வீடுகளில் செத்தவீடு நடந்தால் துடக்கு. 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும் மட்டும் மச்சம் சேராது. நாட்டில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 35,000 பேர் அளவில். எந்த வீட்டில் யாருக்கு அந்தியேட்டி செய்வது? அம்மா கடலுக்கே துடக்குக் காத்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு அநியாயம் உண்டு. படகையும் வலையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தப்பிய மீனவன், மிஞ்சியதைக் கொண்டு பிடித்து வந்தபோது வாங்க ஆளில்லை. எங்கள் சைக்கிள்காரர் மார்ச் மாதத்தோடு வருவதை நிறுத்திவிட்டார். அவரிடம் ஒரு நாள்கூட ஒரு துண்டு வாங்காமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

கே: அது கடவுள் தந்த தண்டனை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் பேசிவருகிறார். உங்கள் கருத்து?
ஜே., முகத்துவாரம்

ப: அந்தப் பேச்சு பழையது. நீங்கள் இருக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே பிறந்த கதை ஒன்று: களனியை ஆண்ட மன்னன் ஒரு பிக்குவைக் கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரையில் போட, கடல் பொங்கி வந்தது, அதை ஆற்ற மகளைப் படகில் ஏற்றி அனுப்பினான், அவள்தான் விகாரமாதேவி என்கிறது மகாவம்சம். நம்முடைய மணிமேகலையிலும் சோழன் இந்திர விழாவை மறந்ததால் புகார் நகரைக் கடல் கொண்டது. இரண்டு கதையிலும் பிழை செய்தது அரசன். மூழ்கியது ஊர்.

1755இல் லிஸ்பனில் நிலநடுக்கமும் அலையும் வந்தது சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில். பூசைக்குப் போயிருந்தவர்கள் மேல் கோயில்கள் இடிந்து விழுந்தன. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2005 ஜனவரியில் மட்டக்களப்புப் பக்கம் சாமான் கொண்டு போன லொறியோடு நானும் போனேன். ஒரு முகாமில், பாடசாலை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு எங்களோடு வந்த ஒருவர் கர்மவினை பற்றி விளக்கம் கொடுத்தார். அந்தப் பெண் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "ஐயா, மூண்டு வயதுப் பிள்ளை என்ன செய்திருக்கும்?" என்றாள். அவருக்குப் பதில் வரவில்லை. உங்கள் பெரியவரிடமும் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கே: எங்கே அனர்த்தம் என்றாலும் எங்கள் இளைஞர் மன்றம் உடுப்புச் சேர்த்து அனுப்பும். சரிதானா?
ஆர்., பம்பலப்பிட்டி

ப: மனது சரி. மூட்டைதான் பிழை.

அந்த வருடம் வெள்ளவத்தையில் ஒரு கோயில் மண்டபத்தில் பத்து நாள் உடுப்புப் பிரித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். கம்பளிக் கோட்டுகள். குதி உயர்ந்த செருப்பு, அதுவும் ஒற்றைக் கால். பொத்தான் இல்லாத சேட்டுகள் தனியாக ஒரு மலை. யாரோ ஒரு மகராசன் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுவேட்டியை அப்படியே பூமாலை வாசத்தோடு அனுப்பியிருந்தார். வெளிநாட்டுப் பெட்டிகளில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் பெயர் எழுதிய மருந்துகள். முகாமிலிருந்து வந்த கேள்வியோ வேறு: உள்ளாடை இருக்கிறதா, மாதவிலக்குத் துணி இருக்கிறதா, ரோர்ச் லைட்டுக்கு பற்றரி இருக்கிறதா. இதை மண்டபத்தில் சத்தமாகச் சொல்லவே ஆம்பிளைகள் கூச்சப்பட்டார்கள். கடைசியில் நானே மைக்கை வாங்கிச் சொன்னேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. அடுத்த நாள் அறுபது பெட்டி வந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் ஒதுக்கி வைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பை. உள்ளே பாதி தேய்ந்த அழிறப்பர், சீவிய பென்சில் நாலு, கொப்பி ஐந்து. கொப்பி அட்டையில் எழுதியிருந்த பெயரை அதே அழிறப்பரால் அழித்திருந்தது தெரிந்தது. புதிய பிள்ளை தன் பெயரை எழுதட்டும் என்று.

சரி, மன்றத்துக்கு: காசு சேருங்கள். முதலில் அங்கே உள்ள ஒருவரிடம் ஃபோனில் என்ன தேவை என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே உள்ள கடையிலேயே வாங்குங்கள், அந்தக் கடைக்காரனும் நனைந்தவன்தான்.

கே: 2011இல் ஜப்பான்காரர் வரிசையில் நின்று தண்ணீர் வாங்கியதைப் பார்த்தோம். நம் ஆட்களுக்கு ஏன் அந்தக் குணம் இல்லை?
எம். எஃப்., கொள்ளுப்பிட்டி

ப: குணத்தை இரத்தத்தில் தேடாதீர்கள். அதே ஜப்பானில் 1923இல் தோக்கியோவை நிலநடுக்கம் அழித்தபோது, கொரியர்கள் கிணற்றில் நஞ்சு போடுகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கான கொரியரைச் சனமே அடித்துக் கொன்றது. இடையில் எத்தனையோ வருடப் பயிற்சி, பழக்கம். நம் ஆட்களும் அப்படி ஒன்றும் மோசமில்லை. அந்த டிசம்பரில் அரசாங்கம் எழும்ப முதல் சோற்றுப் பார்சல் கட்டியது யார்? கிழக்கில் பள்ளிவாசலிலும் கோயிலிலும் மாறி மாறிப் படுத்தவர்கள் யார்? பிறகு அரசாங்கமும் புலிகளும் நிவாரணத்தைப் பங்கிடுகிற பொதுக் கட்டமைப்பு என்று 2005 ஜூனில் ஒப்பந்தம் எழுதி, அது நீதிமன்றத்தில் முடங்கியது. சண்டை பிடித்தவர்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் இல்லை.

ஜப்பானிலும் எல்லோரும் ஓடவில்லை. 2011 மார்ச் 11 அன்று முதல் எச்சரிக்கையில் இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீற்றர் அலை என்றார்கள். எங்கள் சுவர் அதைவிட உயரம் என்று பலர் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். எச்சரிக்கையை உயர்த்தியபோது மின்சாரம் போய்விட்டது. அன்று தொலைக்காட்சியில் அறிவிப்பாளர்கள் நிதானமான குரலில் வாசித்தார்கள், பதற்றம் வரக்கூடாது என்று. பிறகு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அந்த வழக்கத்தையே மாற்றியது. 2024 ஜனவரி 1, ஜப்பானின் நோத்தோவில் நிலநடுக்கம் வந்தபோது அறிவிப்பாளர் பெண் கத்தினார். "இப்போதே ஓடுங்கள்! திரும்பிப் போகாதீர்கள்!" மொழி தெரியாத எனக்கே கதிரையில் இருக்க முடியவில்லை. நான் தண்டவாளத்தில் நின்ற அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தக் குரல்தான்.

அவர்கள் கரையில் ஒரு சொல் உண்டு, 'தெந்தென்கோ': அவரவர் தனித்தனியே ஓடு, அம்மாவைத் தேடி நிற்காதே, அம்மாவும் ஓடியிருப்பாள். தமிழ்த் தாய்க்கு இதைச் சொல்லிப் பாருங்கள், செருப்பால் அடிப்பாள். ஆனால் கமைஷி நகரில் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளை இந்தப் பாடம் காப்பாற்றியது.

அப்புறம் ஒன்று. அந்த வருடம் இலங்கை ஜப்பானுக்குப் பத்து லட்சம் டொலர் கொடுத்தது. இங்கே பலர் சிரித்தார்கள், யானைக்குச் சோளப்பொரியா என்று. 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் ஜப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று பேசியவர் நம்முடைய அப்போதைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. அதை அங்கே இன்னும் மறக்கவில்லை. கொடுக்கல் வாங்கல் என்றால் தொகை மட்டும் பார்ப்பதில்லை.

கே: ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26 காலை 9.25க்கு ஏன் இரண்டு நிமிட மௌனம்? 
தரம் 9 மாணவன், வத்தளை

ப: தெற்கை அலை தாக்கிய நேரத்தை ஒட்டியது. அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அங்கே 9.25க்கு முதலே முடிந்துவிட்டது. மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அரை மணி முன்னதாகவே எழும்பி நிற்கும். நீ 9.25க்கு நில். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு நில்.

கே: 2012இல் எச்சரிக்கை கேட்டு ஓடினோம், ஒரு வாளித் தண்ணீர்கூட வரவில்லை. இனியும் ஓட வேண்டுமா?
கே. பி., கல்கிசை

ப: ஓட வேண்டும். அன்று, ஏப்ரல் 11, நிலநடுக்கத்தின் அளவு 8.6. சின்னதல்ல. ஆனால் பாறைத் தட்டுகள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் உராய்ந்தன. கடலடி தூக்காதபடியால் பெரிய அலை எழவில்லை. இதை அந்த நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. நான் பிரஷர் மாத்திரையையும் வீட்டு உறுதியையும் பையில் போட்டுக்கொண்டு ஹவ்லொக் வீதிப் பக்கம் நடந்தேன். காலி வீதியைக் கடக்கவே கால் மணி நேரம்; ஒரு பக்கம் கடலை விட்டு ஓடுகிற சனம், மறுபக்கம் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி கடலை நோக்கிப் போகிற பெடியள். அவர்களில் ஒருவனைக் கையில் பிடித்து இழுத்தேன். "அன்ரிக்கு என்ன விசர்" என்றான். இருக்கட்டும்.

கே: சுனாமிக்குத் தமிழ் என்ன?
பெயரில்லை

ப: ஆழிப்பேரலை என்று எழுதுகிறோம், கடல்கோள் என்பது பழைய சொல். ஜப்பானியச் சொல்லின் பொருள் துறைமுக அலை. ஓடும்போது எந்தச் சொல்லைக் கத்தினாலும் சம்மதம்.

கே: மரீன் டிரைவ் பக்கம் தொடர்மாடி வீடு ஒன்று பேசிவருகிறோம். கடல் பார்க்கிற பக்கம். வாங்கலாமா ரீச்சர்?
புதுமணத் தம்பதி, கிருலப்பனை

ப: 2005இல் மேற்கிலும் தெற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் கோடு போட்டது. குடிசைக்காரரும் மீனவரும்தான் அந்தக் கோட்டுக்கு அஞ்சினார்கள். வருட முடிவுக்குள் கோடு தளர்ந்தது. இப்போது அந்தக் கரையில் எத்தனை மாடி என்று என்னால் எண்ண முடியவில்லை.

எத்தனையாம் மாடி என்று நீங்கள் எழுதவில்லை. நாலுக்கு மேல் என்றால் பேசலாம். லிஃப்டையும் நீச்சல் குளத்தையும் புரோக்கர் தானாகக் காட்டுவார். நீங்கள் படிக்கட்டைக் காட்டச் சொல்லுங்கள். மொட்டைமாடிக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது, இராத்திரி அந்த ஆள் எங்கே படுக்கிறார் என்றும் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் அது வாச்மேனிடம், வாச்மேன் ஞாயிற்றுக்கிழமை லீவு.